எல்லையற்ற வேலைக்கு எல்லை வகுத்தவர்: தொழிலாளர் துறையில் அண்ணல் அம்பேத்கர்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் இன்று ஆலைகளே நிற்கின்றன. மகிழுந்துகளும் கைப்பேசிகளும் கண்ணாடியும் டயர்களும் அங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான மாபெரும் விடுதியே எழுந்துவிட்டது. இவற்றை எழுப்பிய கைகளைப் பற்றி நாம் பேசுவது குறைவு. கம்பி கட்டியோர், சாரத்தில் ஏறியோர், கலவை சுமந்தோர் ஆகியோரில் பெரும்பகுதியினர் இப்பகுதியின் சேரிகளிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த ஒடுக்கப்பட்ட மக்கள்.

அவர்களுள் ஒருவரிடம் உங்கள் வேலை என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ஒற்றைச் சொல்லே விடையாக வரும்: ஹெல்பர். பெண்ணாயின் சித்தாள். காலையில் செங்கல் இறக்குவதும், நண்பகலில் கான்கிரீட் சுமப்பதும், மாலையில் மேஸ்திரியின் தங்குமிடத்தைக் கூட்டுவதும், கழிவுத்தொட்டி அடைத்துக்கொண்டால் அதைத் திறப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எழுத்தில் ஏதேனும் கொடுக்கப்பட்டிருந்தால், அதன் கடைசி வரி பெரும்பாலும் மேற்பார்வையாளர் இடும் பிற பணிகளையும் செய்ய வேண்டும் என்றே முடியும். முதல் வரிகள் எதைச் சொன்னாலும் அந்தக் கடைசி வரி அவற்றை விழுங்கிவிடுகிறது.

இந்தக் கடைசி வரிக்கு எதிராகவே ஒரு மாமனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்று நாம் கருதுகிறோம். அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்றும் பௌத்தத்தை மீட்டவர் என்றும் அவரைப் போற்றுகிறோம். வேலை என்பது எழுதப்பட வேண்டும், அதற்கு எல்லை இருக்க வேண்டும் என்பதற்காகப் போராடிய அம்பேத்கரை நம் மேடைகள் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. அவரது வாழ்வை அந்தக் கோணத்தில் மீண்டும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரி வெட்டும் இடத்தை நோக்கி ஒரு பயணம்

பீமராவ் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைக்குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ஆங்கிலேயப் படையில் சுபேதார். தாய் பீமாபாய். அவர்களுக்குப் பிறந்த பதினான்காவது குழந்தை அவர். அதே 1891ஆம் ஆண்டில்தான், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்த அறிக்கையைச் சென்னை அரசுக்கு எழுதினார். மிராசுதாரர்களின் பிடியில் சிக்கிய படியாள்களின் வாழ்வை அது அரசின் முன் வைத்தது. மறு ஆண்டில் பிறந்த அரசாணையின் வழியே வந்ததே பஞ்சமி நிலம். இன்றைய ஒரகடமும் திருப்பெரும்புதூரும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியவை. படியாள் என்பவர் நெல் அளந்து பெற்று உழைப்பவர். அவருடைய வேலை உழவோடு முடிவதில்லை. நாளின் எந்த நேரமும் ஆண்டையின் குரலுக்கு ஓடவேண்டியவர் அவர். அந்தச் செங்கல்பட்டிலிருந்து நெடுந்தொலைவில் பிறந்த குழந்தையின் சாதிக்கும் இதே விதிதான் எழுதப்படாமல் எழுதப்பட்டிருந்தது.

மகர் சாதியினர் மராத்திய ஊர்களின் பரம்பரைப் பணியாளர்கள். ராம்ஜியின் குடும்பத்துக்குப் படைச்சேவை ஒரு கதவைத் திறந்துவிட்டது. படைவேலைக்குப் பெயர் உண்டு, தரம் உண்டு, ஊதியம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. ஊருக்குள் இல்லாத இவை நான்கும் சீருடைக்குள் இருந்தன. ஒரு தலைமுறை படிக்க முடிந்தது அதனால்தான்.

ஓய்வு பெற்ற பின் ராம்ஜி, சதாரா மாவட்டத்துக் கோரேகாவில் காசாளராகப் பணியாற்றினார். பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு அங்கே ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. 1901ஆம் ஆண்டின் கோடையில் தந்தையைக் காணச் சிறுவன் பீமராவும் அண்ணனும் உறவுச் சிறுவர்களும் ரயிலேறிச் சென்றனர். மசூர் நிலையத்தில் அவர்களை அழைத்துச் செல்ல யாரும் வரவில்லை. அவர்களின் சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் பின்வாங்கினர். இருமடங்கு கூலி பெற்றுக்கொண்ட ஒருவர், சிறுவர்களே வண்டியை ஓட்டவேண்டும், தாம் நடந்தே வருவேன் என்னும் நிபந்தனையோடு இசைந்தார். அந்த இரவு முழுதும் கையில் உணவிருந்தும் குடிக்க நீர் கிடைக்கவில்லை.

அம்பேத்கர் பின்னாளில் தம் நினைவுக்குறிப்பில் இந்நிகழ்வை எழுதிவைத்தார். ஒரு வண்டிக்காரரின் வேலை என்ன? கூலி பெற்று ஆளை ஏற்றிச் செல்வது. கூலி இருமடங்காகக் கிடைத்த பின்னும் அந்த வேலையை ஆற்றவிடாமல் தடுத்தது சாதி. தொழிலின் எல்லையைச் சந்தையோ ஒப்பந்தமோ வகுக்கவில்லை, சாதியே வகுத்தது என்பதை அவர் ஒன்பது பத்து வயதிலேயே தாகத்தின் வழியாகக் கற்றார்.

பட்டங்கள் இருந்தும் இடமில்லை

பம்பாயின் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் திரும்பி, ஒப்புக்கொண்டபடி பரோடா அரசுப் பணியில் அமர்ந்தார். நாட்டிலேயே மிகச் சிலர் பெற்றிருந்த கல்வி அவரிடம் இருந்தது. ஆயினும் அலுவலகப் பணியாளர்கள் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல் மேசைமீது வீசினர். தங்க இடமின்றிப் பார்சிகளின் விடுதியில் அடையாளம் மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அங்கிருந்தும் அவரை வெளியேற்றினர்.

கல்வியும் பதவியும் மட்டும் சாதியை வென்றுவிடும் என்று எண்ணும் மாணவர்கள் இந்த நிகழ்வை ஊன்றிப் பார்க்க வேண்டும். பதவியின் பெயர் தாளில் இருந்தது. அந்தப் பதவிக்குரிய வேலையைச் செய்ய உடனிருந்தவர்கள் விடவில்லை. எழுத்து மட்டும் போதாது, அதை நடைமுறைப்படுத்தும் வலிமை வேண்டும் என்னும் பாடமும் அவர் வாழ்வில் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தது.

பின்னர் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்து, மீண்டும் லண்டன் சென்று, வழக்குரைஞராகவும் பொருளாதார முனைவராகவும் 1923இல் பம்பாய் திரும்பினார். அதன்பின் அவர் வாழ்ந்தது பரேலின் தொழிலாளர் குடியிருப்பில். ஆலைத் தொழிலாளர்களின் இருமலும் சங்கொலியும் கேட்கும் தொலைவில்தான் அவருடைய நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. 1927இல் மகாடு குளத்து நீரை அள்ளிக் குடித்ததும், அதே ஆண்டின் இறுதியில் மனுநூலை எரித்ததும் நாம் அனைவரும் அறிந்தவை. அதே ஆண்டுகளில் பம்பாய்ச் சட்ட மேலவையில் அவர் தொடங்கிய இன்னொரு போராட்டம் அத்தனை பேசப்படுவதில்லை.

வதன்: முடிவில்லாத வேலை

1928 மார்ச் மாதத்தில், 1874ஆம் ஆண்டின் பரம்பரைப் பணிகள் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை அவர் மேலவையில் முன்வைத்தார். மகர்களின் வதன் முறையே அதன் இலக்கு. ஊரின் மகர் குடும்பங்கள் அரசுக்கும் ஊருக்கும் சேவகம் செய்யவேண்டும். வரிப்பணத்தைக் கருவூலத்துக்குச் சுமப்பது, அதிகாரிகளின் முன் ஓடுவது, ஓலை கொண்டுசெல்வது, சாவுச் செய்தி சொல்வது, செத்த மாட்டை அகற்றுவது என அந்தச் சேவகம் நீண்டது. ஈடாகச் சிறு துண்டு நிலமும், ஊராரிடம் கேட்டுப் பெறும் தானியப் பங்கும் உண்டு.

அம்பேத்கர் சுட்டிய குறை கூலியின் சிறுமையோடு நிற்கவில்லை. அந்த வேலைக்கு நேரம் இல்லை, பட்டியல் இல்லை, ஆள் கணக்கும் இல்லை. இரவும் பகலும் அழைக்கப்படலாம். தந்தை இல்லையெனில் மகன் வரவேண்டும், மகன் இல்லையெனில் வீட்டிலிருக்கும் வேறு யாரேனும் வரவேண்டும். வேலைக்கு அமர்த்தப்பட்டது ஒருவர் அல்லர், ஒரு குடும்பம். குடும்பமும் அன்று, ஒரு சாதி. வதன் என்பது முதல் வரிகளே இல்லாமல், அந்தக் கடைசி வரியை மட்டும் கொண்ட ஒரு பணி ஆணை. இட்ட பிற பணிகளே அங்கு முழு வேலையும்.

தமிழ்நாட்டின் வெட்டியான், தோட்டி, தலையாரி ஆகிய ஊர்ப்பணிகளை அறிந்த எவருக்கும் இது அயலான செய்தி அன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும். இன்றைய பேச்சில் வெட்டி வேலை என்றால் பயனற்ற வேலை. ஊதியம் பெறாத உழைப்பைப் பயனற்றது என்று மொழியே ஒதுக்கிவிட்டது. அந்த உழைப்பில்தான் ஏரிகளும் வாய்க்கால்களும் பராமரிக்கப்பட்டன என்பதையும் மொழி மறந்துவிட்டது.

மசோதா சட்டமாகவில்லை. ஆதிக்க நலன்கள் எதிர்த்தன, அரசும் துணைநிற்கவில்லை. பம்பாய் மாநிலத்தில் கீழ்நிலை ஊர் வதன்களை ஒழிக்கும் சட்டம் வந்தது 1958இல், அவர் மறைந்த பின். தோற்ற மசோதாவின் சிந்தனை அதற்குள் வேறு வடிவங்களில் வென்றிருந்தது. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசமைப்பின் 23ஆம் பிரிவை, வதன் எதிர்ப்பின் தொடர்ச்சியாகவும் வாசிக்கலாம் என்பது நம் எண்ணம்.

நெசவுக்கூடமும் ரயில் நிலையமும்

நகரத்துக்கு வந்தால் சாதி கரைந்துவிடும் என்னும் நம்பிக்கை அன்றும் இருந்தது. 1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் ஒரு கேள்வியை வைத்தார். ஊதியம் மிகுந்த நெசவுப் பிரிவில் ஏன் தீண்டத்தகாதோர் ஒருவர்கூட இல்லை? அறுந்த நூலை வாயால் உறிஞ்சிக் கோக்கவேண்டிய வேலை அது. மற்றவரின் எச்சில் படும் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் எதிர்த்தனர். இழையின் அறிவியலில் அத்தடைக்கு இடமில்லை. ஆலையின் விதியாகவும் அது எழுதப்படவில்லை. ஆனாலும் அது ஆண்ட விதி. அத்தடையை நீக்கும் கோரிக்கையையும் சேர்க்காவிடில் தம் மக்கள் வேலைநிறுத்தத்தை ஆதரிப்பது கடினம் என்று அவர் சொல்ல, தலைவர்கள் தயக்கத்தோடு அதைச் சேர்த்தனர்.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்த அவர், 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பேசினார். உழைக்கும் மக்களுக்குப் பார்ப்பனியம், முதலாளியம் என இரு பகைகள் உண்டு என்று அவர் அறிவித்த மேடை அது. அதே உரையில் அவர் எடுத்துக்காட்டிய ஒரு சிறு செய்தி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. தலித்துகள் தண்டவாளக் கூட்டாளிகளாகவே காலம் கழித்தனர். நிலையத்துப் போர்ட்டர் வேலைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏன்? போர்ட்டரை நிலைய அதிகாரி தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்திக்கொள்வார். வீட்டுக்குள் தீண்டத்தகாதவர் நுழையலாகாது. ஆகவே நிலையத்துக்குள்ளும் நுழையலாகாது.

இந்தத் தருக்கத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பணிப்பட்டியலில் இல்லாத ஒரு வேலையைச் செய்ய முடியாதவர் என்பதால், பட்டியலில் உள்ள வேலை ஒருவருக்கு மறுக்கப்படுகிறது. வேலையின் எல்லை மங்கலாக இருக்கும் இடத்தில் சாதி அமர்ந்துகொள்கிறது. சிலரை அது வேலைக்கு வெளியே நிறுத்துகிறது. சிலரை வேலைக்கு அப்பாலும் இழுத்துச் செல்கிறது. போர்ட்டரின் வேலை இன்னது, இன்னதல்ல என்று தெளிவாக எழுதி நடைமுறைப்படுத்தியிருந்தால், அந்த விலக்கலுக்குச் சொல்லக்கூடிய சாக்கு ஒன்று குறைந்திருக்கும். சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையே மேல்கீழாக அடுக்கியது என்று 1936இல் அவர் நிறுவிய கருத்தின் ரயில்வே வடிவம் இதுவே.

அதே 1938இல் பம்பாய் அரசு கொண்டுவந்த தொழிற்தகராறு மசோதா வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்க முனைந்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். நவம்பர் 7 அன்று ஒருநாள் வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளோடு தோளோடு தோள் நின்றார். அந்தச் சட்டத்திலேயே, ஆலைகள் தங்கள் வேலை நிபந்தனைகளை நிலையாணைகளாக எழுதிப் பதிவு செய்யவேண்டும் என்னும் பகுதியும் இருந்தது. தொழிலாளியின் கையைக் கட்டும் பகுதியை எதிர்த்த அவர், முதலாளியின் கையைக் கட்டும் இந்தக் கருத்தைப் பின்னர் நாடு முழுமைக்கும் உரியதாக்கினார்.

வைஸ்ராய் அவையில் நான்கு ஆண்டுகள்

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாக அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். சுரங்கம், மின்சாரம், நீர்ப்பாசனத்தோடு மத்தியப் பொதுப்பணித் துறையும் அத்துறைக்குள் அடங்கியிருந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி மூவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் முத்தரப்பு மாநாட்டை முதன்முறையாக 1942 ஆகஸ்டில் கூட்டினார்கள். 1943 டிசம்பரில் அவர் தன்பாத் பகுதிக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, வேலை நடக்கும் இடத்தையே பார்த்தார். 1944இல் சுரங்கத் தொழிலாளர் நல நிதி வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைக்கும் வந்தார். வட்டமேசை மாநாட்டில் அவரோடு அமர்ந்த இரட்டைமலை சீனிவாசன் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் என்பதையும், அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராக 1942இல் பொறுப்பேற்றவர் சென்னையின் என். சிவராஜ் என்பதையும் இங்கே நினைவில் கொள்வோம். அம்பேத்கரின் இயக்கம் தமிழ் மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த ஒன்று அன்று.

1946ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதம் இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் தனித்து நிற்பது. அம்மாதம் 11 அன்று குறைந்தபட்ச ஊதிய மசோதாவை அவர் அவையில் அறிமுகப்படுத்தினார். 1948இல் அது சட்டமானபோது, சாலை அமைத்தல், கட்டடப் பணி, கல் உடைத்தல் ஆகியவை அதன் அட்டவணையில் இருந்தன. ஆலையின் மதிலுக்கு வெளியே நின்ற சித்தாளுக்கும் சட்டம் ஒரு விலையைக் குறிக்கலாயிற்று. வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 ஆகக் குறைக்கும் திருத்தம் அதே ஆண்டில் நிறைவேறி ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 23 அன்று ஒப்புதல் பெற்றது தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம்.

அச்சட்டத்தின் உள்ளடக்கம் எளியது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம் தன் வேலை நிபந்தனைகளைப் போதிய துல்லியத்தோடு வரையறுத்து எழுதவேண்டும். நிரந்தரமானவர் யார், தற்காலிகமானவர் யார், பதிலி யார், பயிற்சியாளர் யார் என்று வகைப்படுத்த வேண்டும். வேலை நேரம், ஊதிய நாள், ஊதிய விகிதம், விடுப்பு, முறைப்பணி, வேலை நீக்கம், ஒழுங்கீனம் என்று எதைக் கருதுவது, குறைகளை எங்கே முறையிடுவது என அனைத்தும் எழுதப்பட வேண்டும். தொழிலாளர் தரப்பின் கருத்தைக் கேட்ட பின்னரே அதிகாரி சான்றளிக்க வேண்டும். பின்னர் அது பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் வாயிலருகே பலகையில் வைக்கப்பட வேண்டும். ஆலைக்குள் ஒப்பந்தம் எடுத்து ஆள் வைப்பவரின் நிறுவனத்தையும் அச்சட்டம் தன் வரையறைக்குள் கொண்டது.

வதனில் உழன்ற மரபிலிருந்து வந்த ஒருவர் இதை முன்னெடுத்தார் என்பதில் ஒரு வரலாற்று நீதி இருக்கிறது. ஆண்டையின் வாய்ச்சொல்லே விதி என்றிருந்த உலகில், விதியை எழுதிப் பலகையில் மாட்டு, நீயும் அதற்குக் கட்டுப்படு என்று முதலாளிக்கு ஆணையிட்ட சட்டம் அது. ஆயினும் அதன் குறையையும் நாம் மறைக்கலாகாது. ஒவ்வொரு தொழிலாளியும் செய்யவேண்டிய பணிகளின் பட்டியலை அது கேட்கவில்லை. நூறு என்னும் எண்ணுக்குக் கீழே நின்றவர்களை அது தொடவில்லை. ஒரே கட்டுமானத் தளத்தின் ஆள்களைப் பல துணை ஒப்பந்ததாரர்களின் பெயரில் சிதறடித்தால் அந்த எண்ணுக்குக் கீழே நிற்பது எளிது. அம்பேத்கர் தொடங்கிவைத்த பணியின் மிச்சம் அங்கேயே இருக்கிறது.

1946இன் நடுவில் அவர் அப்பொறுப்பிலிருந்து வெளியேறினார். பின்னர் அரசமைப்பு வரைவுக்குழுவின் தலைமை, சட்ட அமைச்சர் பதவி, இந்துச் சட்டத் தொகுப்புக்காகப் போராடி 1951இல் பதவி விலகல், 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்பு என அவர் வாழ்வு விரைந்தது. 1956 டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்தார். பரம்பரையாகச் சுமத்தப்பட்ட தொழிலைத் துறப்பதும் அந்த மதமாற்றத்தின் ஒரு பொருள். செத்த மாட்டைச் சுமக்க மறுத்த கைகள் புத்தரை வணங்கின.

மீண்டும் ஒரகடத்தில்

இன்று அந்த மரபு எங்கே நிற்கிறது? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1946ஆம் ஆண்டின் சட்டத்தைத் தமக்குள் கரைத்துவிட்டன. நிலையாணை வேண்டும் என்னும் கட்டாயம் இப்போது முந்நூறு பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு மட்டுமே. அம்பேத்கர் நூறில் வைத்த வாயிலை மும்மடங்கு தள்ளி வைத்துவிட்டார்கள். மறுபுறம், பணிப் பாதுகாப்புத் தொகுப்பு ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும் என்கிறது. ஒரு கையால் பறித்ததை மறு கையால் சிறிதளவு கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சிறிதளவை நாம் எப்படிப் பயன்படுத்தப்போகிறோம் என்பதே கேள்வி.

எழுதப்பட்ட எல்லையும் தானாக நிற்காது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்ததால் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. 1946இல் பெற்ற 48 மணி நேரத்தைக் காக்க 77 ஆண்டுகளுக்குப் பின்னும் தெருவுக்கு வரவேண்டியிருந்தது. பரோடா கற்பித்த பாடம் இதுதான்: தாளில் இருப்பதைக் காக்க அமைப்பு வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளியின் நியமனக் கடிதத்தில் தெளிவான பணி விளக்கம் இணைக்கப்பட வேண்டும் என்பதை ஓர் அலுவலக நடைமுறையாக மட்டும் நாம் பார்க்கவில்லை. வேலையின் பெயரைப் பொறுத்தே திறன்பெற்றவர், திறன்பெறாதவர் என்னும் தரமும், அதன் வழியே ஊதியமும் அமைகின்றன. பத்தாண்டுகள் ஓடு பதித்த பெண் தாளில் சித்தாளாகவே இருந்தால் கூலியிலும் சித்தாளாகவே இருப்பார். உயரத்தில் ஏறுவது வேலையில் அடங்கும் என்று எழுதியிருந்தால், பாதுகாப்புக் கயிறும் பயிற்சியும் கேட்க உரிமை வலுப்படும். எழுதாதிருந்தால், விழுந்தவர் சொல்லாமல் ஏறினார் என்று பழிசுமத்தி ஒப்பந்ததாரர் நழுவ முயல்வார். விபத்தின் மறுநாள், இவர் எங்கள் ஆளே அல்லர் என்னும் மறுப்பை எதிர்கொள்ள ஒரு துண்டுத் தாள் பெரிய சாட்சி.

கழிவுத்தொட்டியைப் பற்றி வேறாகவே சொல்லவேண்டும். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையில் ஆள்களை அமர்த்துவதையும், பாதுகாப்பின்றிக் கழிவுத்தொட்டிக்குள் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. தொட்டிக்குள் இறந்தோர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் ஹெல்பர் என்று சேர்க்கப்பட்டவரே தொட்டிக்குள் இறக்கப்படுகிறார். யாரை இறக்குவது என்று மேஸ்திரி தேர்ந்தெடுக்கும் அந்த நொடியில் சாதி பேசுகிறது. பட்டியல் சாதியினரை இத்தகைய வேலைக்கும் கட்டாய உழைப்புக்கும் உட்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே பணி விளக்கம் என்னவெல்லாம் சொல்லவேண்டும் என்பதை நாமே வரையலாம். கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் தச்சர், உதவியாளர் என வேலையின் பெயரும் அதன் திறன் தரமும் முதலில் வரவேண்டும். அன்றாடம் செய்யவேண்டிய பணிகள் எளிய வினைச்சொற்களில் வரிசையாக எழுதப்பட வேண்டும். வேலை நேரம், மிகை நேரத்துக்கான இருமடங்கு ஊதியம், கூலி கொடுப்பவர் பெயர், முதன்மை நிறுவனத்தின் பெயர், ஆணையிடும் உரிமை உள்ளவர் யார், முறையிடவேண்டிய இடம் எது ஆகியவை இருக்கவேண்டும். தேவையான பாதுகாப்புக் கருவிகள் குறிக்கப்பட வேண்டும். தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் தேவைக்கேற்ப அது அமைந்து, ஒரு படி தொழிலாளியின் கையில் இருக்கவேண்டும். படிக்க இயலாதவருக்குச் சக தொழிலாளர் முன் வாசித்துக் காட்டப்பட வேண்டும்.

அனைத்துக்கும் மேலாக, அந்தக் கடைசி வரி மாறவேண்டும். பிற பணிகள் என்னும் வரி இருந்தே தீரவேண்டுமெனில், அவை அதே தொழிலைச் சார்ந்தவையாகவும், அதே தரத்தினவாகவும், பாதுகாப்பானவையாகவும் மட்டுமே இருக்கும் என்று எழுதப்பட வேண்டும். கழிவுத்தொட்டியில் இறங்குதல், கழிவை அகற்றுதல், அதிகாரியின் வீட்டு வேலை ஆகியன எந்நிலையிலும் இடப்படமாட்டா என்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். இன்னது உன் வேலை என்று சொல்வதைப் போலவே, இன்னது உன் வேலையன்று என்று சொல்வதும் ஒடுக்கப்பட்டவருக்கு விடுதலையே.

சட்டம் பயிலும் மாணவர்கள் இத்தகைய மாதிரிப் படிவங்களை எளிய தமிழில் எழுதலாம். பிற மொழி அறிந்தோர் பெயர்த்துத் தரலாம். சங்கத் தோழர்கள் நலவாரியப் பதிவு முகாம்களில் அவற்றைக் கொண்டுசெல்லலாம். 1928இல் வதன் மசோதா தோற்றது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து நிலையாணைகள் சட்டம் வென்றது. இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதர் ஆலை ஆலையாக, சுரங்கம் சுரங்கமாக, வேலை என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏப்ரல் 14இல் ஒரகடத்திலும் அவர் சிலைக்கு மாலை விழும். அன்று மாலையே ஒரு கட்டுமானத் தங்குமிடத்துக்குச் சென்று, அங்குள்ளோரிடம் அவர்களின் பணி எழுதப்பட்டிருக்கிறதா என்று நாம் கேட்டால், அதுவே அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதை.